நுண்பாசி வளர்ப்பில் நுண்ணூட்டங்கள்

(டத்தோ கிராமாட்டில் நிகழ்த்தப்பெற்ற பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாசியைப் பற்றிப் பேசுவதற்கு மொழி மன்றம் ஏன் ஒருவரை அழைக்க வேண்டும் என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கக் கூடும். அழைப்பு வந்தபோது எனக்கும் அவ்வாறே தோன்றியது. இங்கு வரும் வழியில் பினாங்கு ஆற்றைக் கடந்தேன். கரைச் சுவரில் நீர் ஏறி இறங்கும் மட்டத்தில் ஒரு பச்சைக் கோடு படிந்திருந்தது. மலாய்க்காரர் அதனை லூமுட் என்பர். பேராக்கில் அப்பெயரால் ஓர் ஊரே இருக்கிறது. நாம் பாசி என்கிறோம். அச்சொல் நம் மொழியில் மிகப் பழையது. குறுந்தொகையில் பரணர், தலைவியின் பசலையை ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசிக்கு ஒப்பிடுகிறார். கை பட்டால் விலகும், கை எடுத்தால் மூடிக்கொள்ளும் என்பது அவ்வுவமையின் பொருள். பாசியின் இயல்பைக் கூர்ந்து நோக்கிய ஒருவரே இவ்வாறு பாடியிருக்க முடியும்.

பசலை என்பது நிறம் வெளிறுதல். மருத்துவத்தில் இதற்கு அண்மையான சொல் சோகை. குருதியில் இரும்பு குறைந்து உடல் வெளிறினால் சோகை என்கிறோம். பயிரின் இலை மஞ்சளாகி வெளிறினால் வேளாண் நூல்கள் பச்சையச் சோகை என்கின்றன. மனிதருக்கும் பயிருக்கும் ஒரே சொல்லை வழங்கியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அறிவியல் அதனைப் பெரிதும் மெய்ப்பித்தது. 1840களில் யூசேபு கிரி என்னும் பிரெஞ்சு வேதியியலாளர், வெளிறிய இலைகளுக்கு இரும்பு உப்பின் கரைசலை இட்டு அவற்றைப் பச்சையாக்கிக் காட்டினார். சித்த மருத்துவர்கள் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுத்து வந்தனர். அன்னபேதி என்பது இரும்பின் சல்பேட்டு உப்பு. இளம்பச்சைப் படிகமாக நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இன்றைய என் பேச்சில் பாதி இந்த அன்னபேதியைப் பற்றியதுதான்.

நான் பல்லாண்டுகள் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன். ஒரு முறை படிவம் நான்கு மாணவர் சிலர் அறிவியல் கண்காட்சிக்காகச் சுருள்பாசி வளர்க்க விரும்பினர். ஸ்பைருலினா என்று கடைகளில் விற்கப்படுவது அதுவே. நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டோம். சுருள்பாசி வளர்ப்பவர் உலகெங்கும் பின்பற்றும் ஒரு பக்குவம் உண்டு. 1966 ஆம் ஆண்டில் சரூக் என்னும் ஆய்வாளர் வகுத்ததால் அவர் பெயரால் அதனைச் சரூக் ஊடகம் என்பர். அதன் அளவுகளைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஆப்பசோடா 16.8 கிராம், சோடிய நைட்ரேட்டு இரண்டரை கிராம், பொட்டாசியம், பாசுபேட்டு, உப்பு ஆகியவை ஒரு கிராமும் அரைக் கிராமும். இவை பேரூட்டங்கள். அதன் பின் பட்டியல் திடீரெனச் சிறுத்துவிடுகிறது. அன்னபேதி 10 மில்லிகிராம். துத்தநாக சல்பேட்டு 222 மைக்ரோகிராம். மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட்டு, 79 மைக்ரோகிராம். மாலிப்டினம் ஆக்சைடு 15 மைக்ரோகிராம். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு ஆப்பசோடாவை மூட்டையாகச் சுமந்து கொட்ட வேண்டும். மாலிப்டினத்தை நகக்கண்ணில் எடுத்துவிடலாம்.

எங்கள் தொட்டி முதல் இரண்டு வாரம் நன்றாக வளர்ந்தது. மூன்றாம் வாரத்தில் வெளிறத் தொடங்கியது. கரும்பச்சை மங்கி மஞ்சள் கலந்தது. ஊட்டம் போதவில்லை என்று மாணவர் நைட்ரேட்டைக் கூட்டினர். பயனில்லை. ஆப்பசோடாவைக் கூட்டினர். அதுவும் பயன் தரவில்லை. தொட்டியின் அடியில் துருநிறத்தில் மெல்லிய வண்டல் ஒன்று படிந்திருந்ததை எங்களில் எவரும் பொருட்படுத்தவில்லை. வேதியியல் ஆசிரியராகிய நானும் அதனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வண்டல்தான் எங்கள் அன்னபேதி. சுருள்பாசி வளரும் நீர் காரத்தன்மை மிக்கது, அதன் பி.எச். மதிப்பு ஒன்பதுக்கு மேல். அத்தகைய நீரில் அன்னபேதியை நேரே கரைத்தால் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்துவிடும். தொட்டியை முழுவதும் எடுத்து ஆய்வகத்தில் அளந்தால், இட்ட இரும்பு முழுவதும் இருக்கிறது என்றே முடிவு வரும். பாசியோ இரும்பின்றி வாடும். இதனால்தான் சரூக்கின் பட்டியலில் ஈ.டி.டி.ஏ. என்னும் ஒரு பொருள் இடம்பெறுகிறது. அது இரும்பை நண்டு தன் கொடுக்குகளால் பற்றுவது போலப் பற்றிக்கொண்டு, துருவாகிப் படியாமல் நீரில் மிதக்கச் செய்கிறது. அதனைத் தேவையற்ற செலவென்று கருதி நாங்கள் விட்டுவிட்டோம். பின்னர் ஒரு மாணவி எலுமிச்சைச் சாற்றில் அன்னபேதியைக் கரைத்து அக்கரைசலைத் தொட்டியில் ஊற்றினாள். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் இரும்பைப் பற்றும் ஆற்றல் உடையது. ஐந்தாறு நாளில் தொட்டி மீண்டும் கறுத்துப் பச்சையாயிற்று.

இருப்பது வேறு, எட்டுவது வேறு என்பதை அன்று கற்றேன். நுண்ணூட்டங்களைப் பற்றி இன்று நான் சொல்லப்போவன யாவும் இதன் விரிவுகளே.

பெருங்கடலிலும் இதே கதைதான் நிகழ்கிறது. தென்பெருங்கடலின் பெரும்பரப்பிலும் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் நைட்ரேட்டும் பாசுபேட்டும் நிறைய உள்ளன. ஆயினும் பாசி மிகக் குறைவு. இதற்குக் காரணம் இரும்பின் பற்றாக்குறையே என்று அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் கூறினார். அங்கே ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள இரும்பு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1993 இல் அவர் மறைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவருடைய உடன்பணியாளர் கலாபகசுத் தீவுகளுக்குத் தெற்கே ஏறக்குறைய 450 கிலோகிராம் இரும்பைக் கடலில் கரைத்துப் பார்த்தனர்; பாசியின் வளர்ச்சி கூடியது. 1995 ஆம் ஆண்டின் சோதனையில் கடலே பச்சையாகும் அளவுக்குப் பாசி பெருகியது.

2009 இல் கோவாவிலுள்ள இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனமும் செருமனியின் ஆல்பிரடு வெகனர் நிறுவனமும் இணைந்து, தென்பெருங்கடலில் லோகாபெக்ஸ் என்னும் பெயரில் இத்தகைய சோதனை ஒன்றை நடத்தின. அங்கே எதிர்பார்த்த வளர்ச்சி ஏற்படவில்லை. அந்நீரில் சிலிக்கா முன்னரே தீர்ந்துபோயிருந்தது. கண்ணாடிக் கூட்டில் வாழும் டயாட்டம் பாசிகள் சிலிக்கா இன்றிப் பெருகா. வளர்ந்த பிற பாசிகளையும் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. ஒரு பற்றாக்குறையைத் தீர்த்தால் அடுத்த பற்றாக்குறை வந்து வழிமறிக்கும். எங்கள் தொட்டியில் நாங்கள் நைட்ரேட்டைக் கூட்டியதும், இவர்கள் கடலில் இரும்பைக் கூட்டியதும் ஒரு வகையில் ஒன்றே. எது குறைகிறதென்று அறியாமல் எதைக் கூட்டினாலும் விரயம்.

இனி இந்த நுண்ணளவு உலோகங்கள் உயிரணுவுக்குள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்றும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் அமர்ந்திருக்கின்றன. நாம் இப்போது மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் அத்தகைய ஒரு மூலையிலிருந்து வந்ததுதான். ஒளியமைப்பு ஒன்று எனப்படும் புரதத் தொகுதியில் மட்டும் பன்னிரண்டு இரும்பணுக்கள் உள்ளன. சுருள்பாசி போன்ற நீலப்பச்சைப் பாசிகளில் இத்தொகுதி மிகுதி என்பதால் அவற்றுக்கு இரும்புப் பசியும் மிகுதி. மாலிப்டினத்தின் பணி எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. நைட்ரேட்டை உயிரணு பயன்படுத்த வேண்டுமானால் முதலில் அதனை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும் நொதியின் நடுவில் ஒரு மாலிப்டினம் அணு இருக்கிறது. ஆயிரம் லிட்டரில் இட்ட இரண்டரைக் கிலோ நைட்ரேட்டுக்கும் அந்தப் பதினைந்து மில்லிகிராம் மாலிப்டினம் ஆக்சைடுதான் திறவுகோல்.

செம்பின் கதை சற்று வேறு. கிளாமிடோமோனசு என்னும் பச்சைப்பாசி, ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்களைக் கொண்டுசெல்லச் செம்பு அடங்கிய ஒரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. செம்பு கிடைக்காவிட்டால் அப்புரதத்தைத் தானே சிதைத்துவிட்டு, அதே பணிக்கு இரும்பு அடங்கிய மற்றொரு புரதத்தைச் செய்துகொள்கிறது. இதன் நுட்பத்தை 1980கள் முதல் ஆராய்ந்து வருபவர் சபீகா மெர்ச்சண்ட் என்னும் இந்திய வம்சாவளி அறிஞர். வீட்டில் எரிவாயு தீர்ந்தால் மண்ணெண்ணெய் அடுப்பை எடுக்கும் நம் தாய்மார்களின் சாமர்த்தியம் ஓருயிரணுப் பாசிக்கும் இருக்கிறது.

எங்கள் தொட்டிக்குத் திரும்புவோம். அது மீண்டும் பச்சையானதைக் கண்ட மற்றொரு மாணவன், செம்பும் பட்டியலில் இருக்கிறதே என்று கால் தேக்கரண்டி மயில்துத்தத்தை எடுத்து யாரிடமும் சொல்லாமல் இட்டுவிட்டான். நாற்பது லிட்டருக்குத் தேவையானது மூன்று மில்லிகிராம். அவன் இட்டது அதைப்போல் சில நூறு மடங்கு. மறுநாள் காலை பாசி இறந்து அடியில் கிடந்தது. நீரின் நிறம் நீலம். ஆழ்ந்த, மினுமினுக்கும் நீலம்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது புதிய செய்தியன்று. 1904 முதலே அமெரிக்காவில் நீர்த்தேக்கங்களில் பாசியை ஒழிக்க அதனைத் தூவி வருகின்றனர். அங்கே இடும் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே அமைகிறது. ஊட்டத்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவுதான். ஆப்பசோடாவை இரு மடங்கு இட்டாலும் பாசி பொறுத்துக்கொள்ளும். செம்பில் அத்தகைய பொறுமையை எதிர்பார்க்க இயலாது.

அந்த நீலத்தின் பெயர் பைக்கோசயனின். சுருள்பாசியின் உலர் எடையில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை அது இருக்கும். உயிரணு உடைந்ததும் அது நீரில் கரைந்து வெளியேறியது. நம் பினாங்குக் கடைகளில் ஞோஞ்ஞா பலகாரங்களுக்கு நீலம் ஊட்டச் சங்குப்பூவைப் பயன்படுத்துகிறார்கள் அல்லவா? உலக உணவுத்தொழிலும் இயற்கையான நீலத்துக்காக நெடுங்காலம் தேடி அலைந்தது. 2013 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் சுருள்பாசிச் சாற்றை மிட்டாய்க்கும் மெல்லும் பசைக்கும் நிறமூட்டப் பயன்படுத்த இசைவளித்தது. அதன் பின் இந்த நீலத்தின் மதிப்பு உயர்ந்தது. இறந்த தொட்டியில்தான் நான் அதனை முதன்முதலாகக் கண்ணால் கண்டேன்.

பைக்கோசயனின் கூடுவதும் குறைவதும் நுண்ணூட்டத்தைப் பெரிதும் சார்ந்தவை. அதன் நிறப்பகுதி, ஹீம் என்னும் இரும்பு அடங்கிய வளையத்தைத் திறந்து உருவாக்கப்படுவது. இரும்பு குறைந்தால் நீலம் குறைகிறது. ஒளியை வாங்கும் தொகுதிகளை உயிரணு ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுகிறது. நைட்ரஜன் குறைந்தாலோ, இந்நீலப் புரதத்தையே சேமிப்புக் கிடங்கிலிருந்து எடுப்பது போல் எடுத்துத் தின்றுவிடுகிறது. மாலிப்டினம் இல்லாவிட்டால் நைட்ரேட்டு இருந்தும் நைட்ரஜன் பஞ்சம்தான். ஆகவே நீலம் வேண்டுபவர் பாசிக்கு எக்குறையும் வைக்கலாகாது.

சிவப்பு வேண்டுபவருக்கோ நெறி தலைகீழ். ஹெமட்டோகாக்கஸ் என்றொரு நன்னீர்ப் பச்சைப்பாசி உண்டு. நலமாக இருக்கும் காலத்தில் அது பச்சை. சாட்டை போன்ற இழைகளால் நீந்தித் திரியும். நைட்ரேட்டு தீர்ந்து, வெயில் கடுமையாகித் துன்பம் வந்ததும் நீந்துவதை நிறுத்தித் தடித்த சுவருக்குள் உருண்டுகொள்ளும். அப்போது அதன் உடல் முழுவதும் அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறப் பொருள் நிரம்பும். உலர் எடையில் நான்கு விழுக்காடு வரை சேர்வதுண்டு. இறாலும் நண்டும் குழம்பில் வெந்ததும் சிவப்பதற்கு இப்பொருளே காரணம். இறாலின் ஓட்டில் அது ஒரு புரதத்தோடு பிணைந்து நிறம் மறைந்திருக்கும். சூட்டில் பிணைப்பு அறுந்து நிறம் வெளிப்படும். மீன் வளர்ப்பிலும் ஊட்டப்பொருள் வாணிகத்திலும் இதற்கு நல்ல விலை உண்டு.

1993 இல் ஜப்பானிய ஆய்வாளர் சிலர் இப்பாசிக்கு அசிட்டேட்டோடு இரும்பு உப்பையும் கொடுத்தபோது செந்நிறம் மேலும் பெருகக் கண்டனர். இங்கே இரும்பின் வேலை உணவாக இருப்பது மட்டுமன்று. அது உயிரணுவுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, எதையும் அரிக்கும் தீவிர மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே பாசி சிவப்பைச் செய்கிறது. அதாவது நாம் விலை கொடுத்து வாங்கும் அப்பொருள் ஓர் உயிரின் தற்காப்பு. இதனால் இப்பாசியை வளர்ப்போர் இரு கட்டங்களாக வளர்க்கின்றனர்: முதலில் குறைவின்றி ஊட்டிப் பச்சையாகப் பெருக்குவது, பின்னர் பட்டினி போட்டு வெயிலில் வாட்டுவது. முதல் கட்டத்திலேயே வாட்டினால் பாசி பெருகாது. நிறம் இருந்தும் அறுவடை இராது. எப்போது மாற்றுவது என்பதை அறிவதில்தான் இத்தொழிலின் திறமை அடங்கியிருக்கிறது. நம் உப்பளங்களின் பாத்திகள் சில நாளில் செம்மை பூண்டு நிற்பதைத் தூத்துக்குடிப் பக்கம் சென்றவர் பார்த்திருக்கலாம். அந்நிறத்தில் டுனலியெல்லா என்னும் பாசிக்கும் பங்குண்டு. அதுவும் கடும் உப்பும் கடும் வெயிலும் தாக்கும்போது பீட்டா கரோட்டீனைச் சேர்ப்பதே.

அப்படியானால் இரும்பைக் கூட்டினால் எப்பாசியிலும் எப்பொருளும் பெருகுமா? 2008 இல் சீன ஆய்வாளர் குளோரெல்லா என்னும் பாசிக்குத் தக்க அளவில் இரும்பைக் கூட்டிக் கொடுத்தபோது, அதன் உலர் எடையில் 56.6 விழுக்காடு கொழுப்பாக இருந்ததென அறிவித்தனர். இரும்பு குறைந்த ஊடகங்களில் கிடைத்ததைப்போல் மூன்று முதல் ஏழு மடங்கு அது. ஆனால் முன்னர்ச் சொன்ன கிளாமிடோமோனசு, இரும்பு குறையும்போதே எண்ணெய்த் துளிகளைச் சேர்க்கிறது. ஒரே உலோகம், இரண்டு பச்சைப்பாசிகள், எதிரெதிரான விளைவுகள். ஒரு பாசிக்குச் சொன்ன பக்குவத்தை மற்றொன்றுக்குச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

நம்மவர் இத்துறையில் செய்துள்ள பணியையும் கூறியாக வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய எம்.ஓ.பி. ஐயங்கார், இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1932 இல் புதிய பாசி இனம் ஒன்றைக் கண்டறிந்து, இங்கிலாந்துப் பேராசிரியர் பிரிட்சைச் சிறப்பிக்கும் வகையில் பிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். அவர் மாணவர் தி.வ. தேசிகாச்சாரி 1959 இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய பெருநூலை உலக ஆய்வாளர் இன்றும் புரட்டுகின்றனர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1973 இல் இந்திய செருமானியக் கூட்டுத் திட்டமாக உணவுப்பாசி ஆய்வு தொடங்கியது. சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை வழிநடத்திய சி.வி. சேஷாத்ரி, சுருள்பாசியை ஆலைத் தொழிலாக மட்டும் காணாமல், சிற்றூர்ப் பெண்கள் தம் வீட்டுப் பக்கத்தில் வளர்க்கத்தக்க எளிய தொட்டிப் பயிராக்க முயன்றார். திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் பாரி நிறுவனத்தின் சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது.

சேஷாத்ரியின் மையம் 1990களின் தொடக்கத்தில் தமிழகச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குச் சுருள்பாசியைக் கொடுத்து, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் தோன்றும் வெண்புள்ளிகள் நீங்குகின்றனவா என்று பார்த்தது. ஆய்வு முறைமையில் குறை காண்போர் காணலாம். நான் மதிப்பது அவர்கள் நோக்கிய திசையை. தூளில் எவ்வளவு கரோட்டீன் உள்ளது என்பதோடு நில்லாமல், பிள்ளையின் கண்ணுக்கு அது எட்டியதா என்று தேடினார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் கருவுற்ற பெண்களுக்கும் வளரும் பெண்பிள்ளைகளுக்கும் சோகை புதிதன்று. அவர்களிடம் சுருள்பாசி மாத்திரையைக் காட்டி, இதில் கீரையைவிட எத்தனையோ மடங்கு இரும்பு இருக்கிறது என்று விற்கிறார்கள். புட்டியின் மேலுள்ள எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் தொட்டியின் அடியில் படிந்த துருவை நினைத்துக்கொள்ளுங்கள். அத்துரு பாசியிழைகளின் மேலும் ஒட்டும். அறுவடை செய்து உலர்த்தி அளந்தால் அதுவும் இரும்புக் கணக்கிலேயே சேரும். கடல்பாசியை ஆராய்வோர் இதற்காகவே பாசியை ஆக்சலேட்டுக் கரைசலில் கழுவி, மேலே ஒட்டிய இரும்பையும் உள்ளே சென்ற இரும்பையும் பிரித்துக் கணக்கிடுகின்றனர். அதன் பின்னும், உள்ளே சென்ற இரும்பில் எவ்வளவு நம் குடலில் உறிஞ்சப்படும் என்பது தனி வினா. சோகைக்கு மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாசி மாத்திரைக்கு மாறிய பெண்ணொருத்தியை என் உறவிலேயே கண்டிருக்கிறேன். அவள் பேறுகாலம் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு முறை குருதி ஏற்ற வேண்டியிருந்தது.

வைட்டமின் பி12 பற்றியும் ஒரு சொல். அதன் நடுவில் இருப்பது கோபால்ட்டு என்னும் மற்றொரு நுண்ணூட்டம். சுருள்பாசியில் பி12 மிகுதி என்று சைவ உணவினரிடம் சொல்லப்படுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் வத்தனாபேயும் அவர் குழுவினரும் 1999 இல், அதிலுள்ளது பெரும்பாலும் போலி பி12 என்று காட்டினர். கோபால்ட்டு இருக்கிறது, வளையமும் இருக்கிறது. ஒரு பகுதி மட்டும் மாறியிருப்பதால் மனித உடலில் அது பணிபுரிவதில்லை. பாசிகளுக்கே இச்சிக்கல் உண்டு. 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வு 326 பாசி இனங்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தது. அவற்றுள் 171 இனங்களுக்குப் பி12 வெளியிலிருந்து வேண்டும். பாக்டீரியாக்கள் அதனைச் செய்து பாசிக்கு அளித்து, மாற்றாகப் பாசியிடமிருந்து உணவைப் பெறுகின்றன. மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் கடற்பாசி வளர்க்கும் ஊடகத்தில் லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் பி12 சேர்ப்பது இதனால்தான்.

உலோகம் நுழையும் வாயிலைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். துத்தநாகம் குறைந்த கடல்நீரில் வாழும் ஒரு டயாட்டம், துத்தநாகத்தின் இடத்தில் காட்மியத்தை வைத்துப் பணிபுரியும் நொதி ஒன்றைக் கொண்டிருப்பதை மோரெல் என்னும் அறிஞரின் குழுவினர் கண்டறிந்தனர். பாசிக்கு அது சாமர்த்தியம். அப்பாசியை உண்ணுபவருக்குக் காட்மியம் நஞ்சு. தேவையான உலோகத்தை மிகக் குறைந்த நீரிலிருந்தும் தேடிச் சேர்க்கும் ஆற்றல், ஈயத்தையும் ஆர்செனிக்கையும் காட்மியத்தையும் சேர்க்கும் ஆற்றலாகவும் ஆகிவிடுகிறது. நீர் எத்தகையதோ பாசியும் அத்தகையது.

இது மலேசியாவில் வாழும் நமக்கு நேரடியாகப் பொருந்துவது. நம் பாட்டன்மார் பால்மரக் காட்டில் வேலை செய்த காலத்தில், இரப்பர் ஆலையின் கழிவுநீர் ஓடிய வாய்க்காலின் நாற்றத்தை அறியாத தோட்டத்துப் பிள்ளை இல்லை. அக்கழிவில் நைட்ரஜனும் பாசுபரசும் நிறைய இருந்தன. இன்று செம்பனை ஆலைக் கழிவுநீரில் அவற்றோடு இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு ஆகியவையும் கலந்துள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பாங் சியூ மோய், இத்தகைய கழிவுகளில் பாசி வளர்த்து நீரைத் தூய்மையாக்கும் ஆய்வில் முன்னோடியாக நின்றார்; சரவாக்கின் சாகோ மாவு ஆலைக் கழிவுநீரில் சுருள்பாசி வளர்த்ததும் அவருடைய குழுவே. கூச்சிங்கில் 2023 இல் ஐந்து எக்டர் பரப்பில் பெரியதொரு நுண்பாசி வளர்ப்பகம் திறக்கப்பட்டது. நம் தீவிலும் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வு நடைபெறுகிறது.

செம்பனைக் கழிவைச் சிக்கலாக நோக்கியவர் இப்போது ஊட்டமாக நோக்குகின்றனர். நல்லதே. ஆனால் அந்நீர் கறுப்பு. வெளிச்சம் உள்ளே செல்லாது. நீர்த்துக் கலக்கினால் வெளிச்சம் வரும், நுண்ணூட்டத்தின் அளவும் குறையும். ஆலைக்கு ஆலை, மாதத்துக்கு மாதம் உலோக அளவு மாறும். அவ்வாறு வளர்ந்த பாசியை எரிபொருளுக்கோ உரத்துக்கோ கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. மாத்திரையாக்கி மனிதருக்குக் கொடுப்பதானால், ஒவ்வொரு அறுவடையிலும் ஈயமும் காட்மியமும் எவ்வளவென்று அளந்த தாளைக் காட்ட வேண்டும் என்பேன். இதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன்.

மாணவர்களே, மேடையின் ஓரத்தில் மூன்று கண்ணாடிச் சாடிகளை வைத்திருக்கிறேன். மூன்றிலும் சுருள்பாசி, மூன்று வாரத்துக்கு முன் ஒரே நாளில், ஒரே தாய்த்தொட்டியிலிருந்து எடுத்து ஊற்றியது. முதல் சாடியில் அன்னபேதியை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து இட்டேன். இரண்டாவதில் அன்னபேதியே இல்லை. மூன்றாவதில் முதல் சாடிக்கு இட்ட அதே அளவு அன்னபேதி, எலுமிச்சை இல்லாமல். எதற்கு எது என்று சாடியில் எழுதவில்லை. நிறத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நிறத்தில் வேறுபாடு காண்பது கடினம். ஆகவே சாடியைக் கலக்காமல் மெல்லத் தூக்கி அடிப்பகுதியையும் பாருங்கள். மூடியைத் திறந்து யாரும் சுவைத்துப் பார்க்க வேண்டா. குழாய்நீரில் வளர்த்தது, எந்த ஆய்வகமும் அளக்காதது. பார்த்துவிட்டு வந்து வினாக்களைக் கேளுங்கள், காத்திருக்கிறேன்.